எட்டாம் மாடித் தெற்கு வாசல்

ஜூலை மாதத்தில் ஒரு காலை, ஏழரை மணிக்கு, என் வீட்டு வாசற்கதவைத் திறந்து வைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். காற்று அடித்துக்கொண்டு வராது. நடைபாதையில் இருக்கும் துளசித் தொட்டியைத் தொட்டுவிட்டு, வாசற்படி தாண்டி, இடப்பக்கச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தாளை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி அடுப்படி ஜன்னல் வழியாகப் போகும். எட்டு மாடிக்குக் கீழே சாலை, சாலைக்கு அப்பால் பூங்கா, பூங்காவுக்குள் வளைந்து வளைந்து போகும் ஆறு. சிங்கப்பூரில், அங் மோ கியோவில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஒரு பழைய புளோக்கில் எனக்கு இப்படி ஒரு வீடு வாய்த்திருக்கிறது. அதைத் தேடிக் கொடுத்தது ஃபெங் சுயி. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சிரிக்கும் புத்தர் பொம்மையும் மூன்று கால் தவளையும் சிவப்புக் கயிற்றில் கட்டிய காசும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதெல்லாம் வீடு வாங்கிய பிறகு கடையில் வாங்கி வைப்பது. ஃபெங் சுயியின் உண்மையான அருமை, வீட்டை வாங்குவதற்கு முன்னால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று கண்ணைப் பழக்குவதில் இருக்கிறது. என் கண்ணைப் பழக்கியவர், நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எதிர்வீட்டில் குடியிருந்த சீன ஆண்ட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா லோ பான் என்னும் சீனத் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊராருக்கு வீடு பார்த்துச் சொன்னவராம். 2023-இல் நாங்கள் மறுவிற்பனை வீடு தேட ஆரம்பித்ததும் ஆண்ட்டி தானாகவே வந்து, "ஆ கேர்ள், போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லலாம்.

முதல் வீட்டுக்குப் போனபோது சொத்து முகவர் மின்தூக்கியில் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆண்ட்டி ஏறவில்லை. "மேலே அப்புறம். முதலில் சுற்று" என்று சொல்லிவிட்டுப் புளோக்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். வீட்டின் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் அதன் முதுகையும் தோள்களையும் மடியையும் பார்க்க வேண்டுமாம். பின்னால் கறுப்பு ஆமை: மலையோ, மேடோ, உயரமான கட்டடமோ இருந்து முதுகைத் தாங்க வேண்டும். உள்ளே நின்று வெளியே பார்க்கும்போது இடது கைப்பக்கம் பச்சை நாகம், வலது கைப்பக்கம் வெள்ளைப் புலி. நாகம் புலியைவிடக் கொஞ்சம் ஓங்கியிருந்தால் நல்லது. முன்னால் சிவப்புப் பறவைக்கு வெட்டவெளி வேண்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி? முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி, முன்னால் கால் நீட்ட இடம். ஒரு நல்ல வீடும் அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வெட்டவெளிக்கு மிங் தாங் என்று பெயர், ஒளி நிறைந்த முன்றில் என்று சொல்லலாம். நம் பழைய வீடுகளின் முன்னால் கோலம் போட விட்டிருந்த இடம் என் நினைவுக்கு வந்தது. மலையும் ஆறும் இல்லாத நகரத்தில் உயர்ந்த கட்டடங்களை மலையாகவும் சாலைகளை நீரோட்டமாகவும் கணக்கில் கொள்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து வருடமாக நான் நடந்து போய்க்கொண்டிருந்த ஊர், ஒரே மதியத்தில் மலைகளும் ஆறுகளுமாக மாறிவிட்டது!

மொத்தம் பதினேழு வீடு பார்த்தோம். பலவற்றில் ஆண்ட்டி மேலே ஏறவே இல்லை. ஒரு புளோக்கின் வாசலுக்கு நேராகச் சாலை ஒன்று ஓடி வந்து முட்டியது. அவர் அதை விஷ அம்பு என்றார், ஷா சீ என்றார். நான் "எங்கள் ஊரில் இதற்குத் தெருக்குத்து என்று பெயர்" என்றேன். நம்மவர்கள் தெரு முட்டும் இடத்தில் பிள்ளையாரை உட்கார வைப்பதைச் சொன்னதும் ஆண்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. சீனத்தில் அதே மாதிரி இடங்களில் ஷி கான் தாங் என்று எழுத்துப் பொறித்த கல்லை நட்டு வைப்பார்களாம். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே தெருமுனையில் நின்று ஒரே பயத்தைப் பார்த்து, ஆளுக்கொரு கல்லை நட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் எதிர்ப் புளோக்கின் மூலை, கத்தி முனை மாதிரி கூடத்து ஜன்னலைக் குறிவைத்திருந்தது. ஹாங்காங்கில் 1990-இல் எழுந்த பேங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் கூர்முனைகளைப் பற்றி அத்தனை பேச்சு கிளம்பியதும் இதே காரணத்தால்தான். வாசலைத் திறந்தால் நேரே மின்தூக்கிக் கதவு, வீட்டின் நட்டநடுவில் கழிப்பறை, படுக்கைக்கு மேலே குறுக்கே ஓடும் உத்திரம் என்று மற்றவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. பிடித்துப் போன ஒரு வீடு மட்டும் வேறு காரணத்தால் கைநழுவியது. இங்கே ஒவ்வொரு புளோக்கிலும் இன வாரியாக வீடுகளுக்கு உச்சவரம்பு உண்டு, 1989-இலிருந்து இருக்கும் விதி. அந்தப் புளோக்கில் இந்தியருக்கான அளவு நிறைந்திருந்தது.

மேற்குப் பார்த்த கூடம் ஒன்றை மட்டும் நான் மறக்க மாட்டேன். விளம்பரப் படத்தில் பளிச்சென்று இருந்தது, காலையில் எடுத்த படம். நாங்கள் போனது மாலை ஆறு மணிக்கு. ஆண்ட்டி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து உள்சுவரில் வைத்தார். தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கும்போது இருக்குமே, அந்தச் சூடு. "ராத்திரி பத்து மணி வரை இந்தச் சுவர் உன்மேல் மூச்சு விடும்" என்றார். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்து முடிவு செய்ததில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

இப்போது ஊதுபத்தி விஷயத்துக்கு வருகிறேன். இதை அவசியம் செய்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மின்விசிறியை எல்லாம் நிறுத்தி, வாசல் நிலைக்கு அருகே ஒரு ஊதுபத்தியை ஏற்றிப் பிடிக்க வேண்டும். புகை எங்கே போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே பின் ஜன்னல். புகை நூல் பிடித்த மாதிரி கூடத்தைக் குறுக்கே கடந்து வெளியே போய்விட்டது. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசனைகூட வராது. சீ என்னும் உயிர்க்காற்று இப்படி வந்த வேகத்தில் ஓடிப்போனால் வீட்டில் எதுவும் தங்காது, பணமும் தங்காது, தூக்கமும் தங்காது என்றார் ஆண்ட்டி. வேறொரு வீட்டில் புகை வாசலிலேயே செங்குத்தாக நின்றது. அங்கே உள்ளே நுழைந்ததுமே துணி காயாத ஈர வாடை. காற்று ஓடவும் கூடாது, செத்துக் கிடக்கவும் கூடாது. வளைந்து, தயங்கி, எல்லா மூலையையும் நலம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு சாண் புகையில் ஒரு வீட்டின் குணம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

பதினேழாவது வீடு பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்கு எதிரே, அவென்யூ 1 ஓரத்தில். இங்கேதான் எனக்கு நீரின் பாடம் கிடைத்தது. கல்லாங் ஆறு சிங்கப்பூரிலேயே நீளமானது. பூங்காவுக்குள் அது முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. 2009-இல் தொடங்கி அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, கரையில் செடிகொடிகளை வேர்பிடிக்க வைத்து, 2012-இல் திறந்தபோது அது 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்த ஆறாகிவிட்டது. அதே இடம், அதே தண்ணீர், அரைக் கிலோமீட்டர் கூடுதல் வளைவு. பொறியாளர்கள் வெள்ளத்தையும் இயற்கையையும் மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. ஃபெங் சுயியும் நீரைப் பற்றி இதையே கேட்கிறது. நேராகப் பாயும் நீர் அம்பு, வளைந்து நடக்கும் நீர் செல்வம். ஆற்றை நேராக்காதே, அதன் போக்கில் நெளிய விடு. இரண்டு வேறு வேறு அறிவுகள் ஒரே கரையில் வந்து கைகுலுக்கியதைப் பார்த்து நான் அந்தப் பாலத்தின் மேல் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

வளைவில் எந்தப் பக்கம் என்பது முக்கியம். ஆற்றின் வளைவு வீட்டை அணைத்துக்கொண்டு போக வேண்டும். அதைப் பச்சைக்கல் இடைப்பட்டை என்கிறார்கள். வளைவின் புறமுதுகு வீட்டைப் பார்த்து முட்டினால் அது நாணேற்றிய வில், ஆகாது. ஆண்ட்டி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவும் கூட இருந்தார். அம்மா கும்பகோணத்துப் பக்கம், காவிரிக்கரையில் பிறந்தவர். நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள், "இதுல என்ன அதிசயம்? வெளிக்கரையை ஆறு அறுக்கும், உள்கரையில மண்ணைக் கொண்டாந்து போடும். அறுக்கிற கரையில எவன் வீடு கட்டுவான்?" என்றார். பச்சைக்கல் இடைப்பட்டை என்பதைக் கேட்டதும் "ஒட்டியாணம்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வளைவுக்குப் பெயர் ஒட்டியாணம். மூன்று பேரும் பூங்காவுக்குள் நடந்து நடந்து, எந்தப் புளோக்கை ஆறு அணைக்கிறது, எதற்கு முதுகு காட்டுகிறது என்று பார்த்தோம். விற்பனைக்கு வந்த வீடு அணைக்கும் பக்கத்தில் இருந்தது!

ஆனாலும் அம்மாவுக்கு இரண்டு தடைகள். தெற்கு வாசல், எட்டாம் மாடி. வாஸ்துவில் ஊறியவர்களுக்குத் தெற்கு எமதிசை. எட்டு நமக்குச் சனி எண். சீனர்களுக்கோ எட்டு என்ற சொல்லின் ஓசை செழிப்பை நினைவூட்டும், நாலின் ஓசை மரணத்தை நினைவூட்டும். எண்களைப் பார்த்து ஓடுவதை நான் ஃபெங் சுயி என்று சொல்ல மாட்டேன், ஆண்ட்டியும் எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பார். தெற்கு விஷயம் அப்படி இல்லை. சீனாவில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பனிக்காற்று வீசும், வெயில் தெற்கிலிருந்து விழும். அதனால் முதுகை வடக்கே வைத்து முகத்தைத் தெற்கே திருப்பினார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே பாகைதான். இங்கே பனியும் இல்லை, வெயில் பாதி வருடம் வடக்கே, பாதி வருடம் தெற்கே சாய்ந்து விழும். அப்படியானால் இங்கே தெற்கு எதற்கு? காற்றுக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. வடக்கு தெற்காகத் திறந்த வீட்டில் இரண்டும் நுழைந்து வெளியேறும். கிழக்கு மேற்கு வெயில் மட்டும் சுவரைத் தொடாது. ஒரு விதியை அப்படியே ஒப்பிக்காமல், அது எந்தக் காற்றுக்காகப் பிறந்தது என்று கேட்டு இந்த ஊர்க் காற்றோடு சேர்த்துப் பார்ப்பதுதான் கலை. ஆண்ட்டிக்கு அது கைவந்த கலை.

அம்மாவிடம் நான் எதையும் வாதாடவில்லை. வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தேன். ஜூலை மாதம், காலை நேரம். கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தென்றல் தெற்கேருந்துதானே வரணும்" என்றார். நம் மொழி தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு இத்தனை அழகான பெயரை வைத்திருப்பது அந்த நிமிடம்வரை எனக்கு உறைக்கவில்லை.

திசையை அளந்ததையும் சொல்ல வேண்டும். லோ பானில் வட்டம் 24 பங்காகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் 15 பாகை. அவற்றை மலைகள் என்கிறார்கள். கைப்பேசியிலும் அளக்கலாம், ஆனால் வீவக வீடுகளின் இரும்புக் கிராதிக்கு அருகே நின்றால் முள் பொய் சொல்லும். வாசலிலிருந்து மூன்று அடி தள்ளி ஒன்று, நடைபாதைக் கைப்பிடிச் சுவரோரம் ஒன்று, கீழே புல்தரையில் புளோக்குக்கு இணையாக நின்று ஒன்று என்று மூன்று தடவை அளந்தோம். 176, 179, 178. தெற்கின் நடு மலை. அடுத்தது குவா எண், பிறந்த ஆண்டை வைத்து ஒருவருக்கு உகந்த திசையைச் சொல்லும் கணக்கு. நான் 1988-இல் பிறந்தவள். எட்டும் எட்டும் பதினாறு, ஒன்றும் ஆறும் ஏழு, பெண் என்பதால் ஐந்தைக் கூட்டினால் பன்னிரண்டு, ஆக மூன்று. மூன்றாம் எண்ணுக்கு மிகச் சிறந்த திசை தெற்கு! நடைபாதையில் நின்று கணக்குப் போட்டுவிட்டு நான் ஆண்ட்டியைக் கட்டிக்கொண்டேன். கணவர் 1985. எட்டும் ஐந்தும் பதின்மூன்று, அதைச் சுருக்கினால் நாலு, ஆணுக்குப் பத்திலிருந்து கழிக்க வேண்டும், ஆறு. அவருக்கு மேற்கு. அதனால் படுக்கையின் தலைமாடு மேற்கே அவருக்காக, வாசல் தெற்கே எனக்காக. குடும்பத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

ஒன்று மட்டும் என் மனத்தை அரித்தது. பூங்காவுக்கு அக்கரையில் இருக்கும் பீஷான் ஒரு காலத்தில் பெக் சான் தெங் என்னும் பெரிய சீன மயானம். 1980-களில் கல்லறைகளைத் தோண்டியெடுத்துவிட்டுத்தான் நகரம் எழுந்தது, பெயரே அதிலிருந்து வந்தது. மயானத்தைப் பார்த்த வாசலா என்று ஆண்ட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பெரிய திறப்பு. ஃபெங் சுயியே முதலில் கல்லறைக்கு இடம் தேடப் பிறந்ததுதானாம். நான்காம் நூற்றாண்டில் மறைந்த குவோ பூ என்னும் அறிஞர் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நூல் அடக்கம் செய்வதைப் பற்றியது. உயிர்க்காற்று காற்றில் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்ற எண்ணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அக்கரைக்கும் நமக்கும் நடுவே ஆறு இருக்கிறது, பூங்கா இருக்கிறது, காலையில் குழந்தைகள் ஓடுகிறார்கள், நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிக்கிறது. "பார், எவ்வளவு யாங், எவ்வளவு உயிர்ப்பு!" என்றார்.

உள்ளே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டிக்கொண்டு இருந்தன, நெருப்பும் நீரும் தோளோடு தோள். ஆண்ட்டி சாணால் அளந்து, நடுவே இரண்டு சாண் மேடை விடச் சொன்னார். அங்கேதான் இப்போது காய் நறுக்குகிறேன், எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறிப்பதில்லை. விற்பவர்கள் ஏன் விற்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொன்னார். முந்தைய குடும்பத்தின் போக்கு வீட்டில் தங்கும் என்பது நம்பிக்கை. வயதான தம்பதி, பேரப்பிள்ளை பக்கத்தில் போய் இருக்க விற்றார்கள். இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஊதுபத்தியைக் கடைசியாக ஏற்றினேன். புகை வாசலைத் தாண்டி, இடப்பக்கம் சாய்ந்து, கூடத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அடுப்படிக்குப் போனது. நான் கணவரைப் பார்த்தேன். அன்றே ஆயிரம் வெள்ளி கொடுத்து, வீட்டை வாங்குவதற்கான விருப்ப உரிமையைப் பெற்றோம். யோசிக்க 21 நாள் உண்டு. எங்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. பழைய புளோக்தான், 99 ஆண்டுக் குத்தகையில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். வயதையும் வங்கிக் கடனையும் மத்திய சேம நிதியையும் கணக்குப் போட்டுத்தான் இறங்கினோம். ஃபெங் சுயி பார்ப்பவர்களும் அந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாவி நவம்பரில் கைக்கு வந்தது. ஜனவரிக்குள் வேலைகள் முடிந்தும் ஆண்ட்டி குடிபோக விடவில்லை. ஃபெங் சுயியில் பறக்கும் நட்சத்திரம் என்று ஒரு காலக் கணக்கு உண்டு, அதில் இருபது இருபது ஆண்டாகக் காலம் மாறும். 2004-இல் தொடங்கிய எட்டாம் காலம் முடிந்து, 2024 பிப்ரவரி 4 அன்று ஒன்பதாம் காலம் பிறந்தது. நெருப்பின் காலம், தெற்கின் காலம். அதற்குப் பிறகு போ என்றார். அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டி, தை முடிவதற்குள் போயே ஆக வேண்டும் என்றார். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்தான் இருந்தது, 10-ஆம் தேதி சீனப் புத்தாண்டு வேறு. அந்த வாரத்திலேயே பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்த பாலைப் பார்த்து ஆண்ட்டி கைதட்டினார். அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்கள் பூஜை அறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தன.

டிசம்பர் வந்தால் காற்று திசை மாறும். அடுப்படி வழியாக நுழைந்து வாசல் வழியாகப் போகும். சாம்பார் கொதிக்கும் வாசனை முதலில் கூடத்துக்கும் பிறகு நடைபாதை முழுவதற்கும் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மாதங்களில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தி வைக்கிறேன். காற்றை மறிக்காமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்கிறது. மார்ச் கடந்ததும் தட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

போன வாரம் பிற்பகலில் பெருமழை. ஆண்ட்டி வந்திருந்தார். வாசலில் அம்மாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. கீழே ஆறு கரையைத் தாண்டி, புல்வெளி மேல் ஏறி, அகலமாகப் பரவிக்கொண்டிருந்தது. கனமழையில் அது நூறு மீட்டர் அகலம்வரை விரியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பூங்காவில் அபாய விளக்குகள் எரிந்தன. பழுப்புத் தண்ணீர் எங்கள் பக்கத்து வளைவுக்கு வந்ததும் வேகம் குறைந்து மெதுவாகத் திரும்பியது. அம்மா விரலை நீட்டி "ஒட்டியாணம்" என்றார். ஆண்ட்டி தலையை ஆட்டி, அந்தச் சொல்லைத் தன் வாயால் ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.